விருந்தாளி இருக்கும்வரை

கொர்தாலி நாட்டைக் கடல் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்த காலத்தில், வெளிநாட்டு விருந்தாளி யாராவது வந்து இறங்கினால் மட்டும் அது தின்றதையெல்லாம் கக்கிவிட்டுத் தொலைவில் போய் அடக்கமாக நின்றுகொள்ளும். விருந்தாளியின் கப்பல் கண்ணுக்கு மறைந்ததும் திரும்பி வரும். வரும்போது முன்பு நின்ற இடத்தைவிட இன்னும் கொஞ்சம் உள்ளே வந்து நிற்கும்.

நாடு என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரே ஒரு தெரு. தெருவின் ஒரு முனையில் மாதா கோயில், மறுமுனையில் மாரியம்மன் கோயில், நடுவில் பள்ளிக்கூடம், அதன் மாடியில் பாராளுமன்றம், பின்னால் கல்லறைத் தோட்டம், சுற்றிலும் தென்னை. தென்னை வைப்பதற்காக வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்று தமிழ்க் கரையிலிருந்து கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்த கூலிகளின் வழிவந்தவர்கள்தான் அங்கே இருந்த ஜனங்கள். கம்பெனி ஒருநாள் கடையைக் கட்டிக்கொண்டு போயிற்று, ஜனங்கள் தங்கிவிட்டார்கள், யாரோ வந்து ஒரு கொடியைக் கையில் கொடுத்து இனிமேல் நீங்களும் ஒரு நாடு என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

கடலின் இந்தக் குணம் முதன்முதலில் தெரிந்தது பெரிய நாட்டின் தூதுக்குழு நட்பு ஒப்பந்தம் போட வந்தபோது. அன்று காலையில் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். வெளியுறவு மந்திரி லூர்தாயி சின்னையன், மீன்வளத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கூட அவள்தான் மந்திரி, உப்பேறிப்போன கிணற்றுத் தண்ணீரை ஒரு கண்ணாடித் தம்ளரில் மொண்டு வைத்துக்கொண்டு, வருகிறவர்களை ஒரு மடக்கு குடிக்கச் சொல்ல வேண்டும், அதற்கப்புறம் பேச்சே வேண்டாம் என்று கப்பல்துறைப் பாலத்தில் நின்றிருந்தாள். கப்பல் நங்கூரம் போட்டது. வீடுகளுக்குள் நின்ற தண்ணீர் வாசற்படிகளைத் தாண்டி, தெருவைத் தாண்டி, கல்லறைச் சிலுவைகளுக்கு நடுவே புகுந்து, சத்தமில்லாமல் வடிந்து போனது. தரை காய்ந்தது. தூதுக்குழுவின் தலைவர் தம்ளரை வாங்கிக் குடித்துவிட்டு, இவ்வளவு ருசியான தண்ணீரை எங்கள் தலைநகரத்தில்கூடக் குடித்ததில்லை என்றார். சந்தேகப்பட்டு லூர்தாயியும் குடித்துப் பார்த்தாள். தித்தித்தது.

கப்பல் போனதும் கடல் வந்தது. இரண்டாவது தூதுக்குழு வந்தபோதும் அதேதான், மூன்றாவது வந்தபோதும் அதேதான். ஊரில் யாரும் இதைப் பெரிய அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. குழிவெட்டி பவுல் முனியாண்டி வலையை உதறிக்கொண்டே சொன்னான், "கடலுக்கும் மானம் இருக்குல்ல. வீட்டுச் சண்டைய வெளியாளுக்கு முன்னாடி போடுமா?" எல்லோருக்கும் அது சரியென்றே பட்டது.

பிறகு ஊர் அதற்கேற்றபடி வாழப் பழகிக்கொண்டது. கல்யாணத்துக்கு நாள் பார்ப்பவர்கள் பஞ்சாங்கத்தை மூடி வைத்துவிட்டு, அடுத்த தூதுக்குழு எப்போது என்று மந்திரியம்மாவைக் கேட்டார்கள். சேம்பு நட, சுவர் பூச, மெத்தை காயப்போட எல்லாவற்றுக்கும் விருந்தாளி வந்தாக வேண்டியிருந்தது. செத்தவர்களைக் கோயில் பின்னறையில் உப்பு போட்டுக் கிடத்தி, கப்பல் வந்த அன்றைக்குக் குழி தோண்டிப் புதைத்தார்கள். மேடையில் இரு நாட்டு நட்பைப் பற்றி உரை நடந்துகொண்டிருக்கும்போதே பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மண்வெட்டிச் சத்தம் கேட்கும். அது ஏதோ விருந்துக்கான ஏற்பாடு என்று வந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

லூர்தாயி மட்டும் அதைத் தாண்டி யோசித்தாள். அவ்வப்போது வந்துபோகிற ஆள் உதவாது, இங்கேயே குடியிருக்கிற ஒரு வெளியாள் வேண்டும், அதாவது ஒரு தூதரகம் வேண்டும். அதற்காக அவள் பெரிய நாட்டின் தலைநகரத்துக்குப் போய்க் காத்துக் கிடந்தாள். அவர்கள் ஒரு விளையாட்டு அரங்கம் தருகிறோம் என்றார்கள். ஊர் மொத்தமும் போய் உட்கார்ந்தாலும் முதல் வரிசை நிறையாத அரங்கம். அடுத்த தடவை, கூப்பிட்டால் எட்டும் தூரத்துத் தெருவுக்கு ஆம்புலன்ஸ் வண்டிகள் தந்தார்கள்.

"எங்களுக்கு ஒரு ஆள் போதுங்க," என்றாள் லூர்தாயி.

"எந்தத் துறை நிபுணர் வேணும்?" என்று அதிகாரி கேட்டார்.

"நிபுணர் வேணாம். சும்மா இருந்தாப் போதும்."

சும்மா இருக்க ஆள் அனுப்புவதற்கு அவர்களிடம் விதி இல்லை. ஆனால் உலக சபையில் ஒரு ஓட்டு வரப்போகிறது, எண்ணிக்கை இழுபறியாக இருக்கிறது, கொர்தாலியின் கை யார் பக்கம் உயரும் என்பதைப் பொறுத்து யோசிக்கலாம் என்றார்கள். எங்கோ ஒரு மூலையில் இவர்களைப் போலவே ஒரு தெருவும் ஒரு கொடியுமாக இருந்த ஒரு தீவு, தன் மீன்பிடிக் கடலைப் பெரிய நாட்டுக் கப்பல்களிடமிருந்து காப்பாற்றச் சொல்லிக் கேட்ட ஓட்டு அது. லூர்தாயி அந்தத் தீவுக்கு எதிராகக் கையைத் தூக்கினாள். எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த அந்தத் தீவின் மந்திரி, அவரும் வெயிலில் கறுத்த கைகள் கொண்ட மனிதர்தான், அவளை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். அன்றிலிருந்து அவளுக்குச் சரியான தூக்கம் கிடையாது.

அப்படி வாங்கி வந்த ஆள்தான் ஆதிகேசவன். பெரிய நாட்டின் தென்கரைக்காரர், தமிழ் பேசுகிறவர் என்பதால் வசதி என்று அனுப்பினார்கள். மனைவி பிரிந்து போய், எந்த ஊருக்கு மாற்றினாலும் சரி என்று பெட்டியைக் கட்டுகிற மனிதர். அவர் பாலத்தில் கால் வைத்ததும் கடல் விலகியது. மறுநாள் திரும்பவில்லை. மறுமாதமும் திரும்பவில்லை. ஜனங்கள் தண்ணீருக்காக விட்டுப்போன கீழ் வீடுகளுக்குத் திரும்பினார்கள், கிணறுகள் நல்ல தண்ணீர் ஊறின, தென்னைகள் பட்டுப்போன குருத்துக்குப் பதிலாகப் பச்சைக் குருத்து விட்டன. செத்தவர்கள் செத்த அன்றே மண்ணுக்குப் போனார்கள்.

லூர்தாயி ஊரைக் கூட்டி ஒரே ஒரு கட்டளை போட்டாள். அந்த மனிதர் விருந்தாளியாக வந்தார், விருந்தாளியாகவே இருக்க வேண்டும். யாரும் அவரை மாமா என்றோ அண்ணன் என்றோ கூப்பிடக் கூடாது, அடுப்படிக்குள் விடக் கூடாது, அவர் முன்னால் அழக் கூடாது, சண்டை போடக் கூடாது. ஊர் அதைச் சட்டத்தைவிடக் கண்டிப்பாகக் காப்பாற்றியது. அவர் தெருவில் வந்தால் எல்லோரும் எழுந்து நின்றார்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் மேசைவிரிப்பும் பீங்கான் தட்டும் வந்தன. பேச்சு வானிலையைத் தாண்டவில்லை. ஆதிகேசவன் ஒவ்வொரு நாளும் அந்த வெயிலில் கோட்டு போட்டுக்கொண்டு தூதரகத்தில் போய் உட்கார்ந்தார், மாலையில் தனியாகக் கரையில் நடந்தார், இப்படி ஒரு ஒட்டாத ஜனத்தை எந்த நாட்டிலும் பார்த்ததில்லை என்று நினைத்துக்கொண்டார்.

ஒருநாள் லூர்தாயியிடமே கேட்டுவிட்டார். "நான் ஏதாவது தப்பா நடந்துக்கிட்டேனாம்மா? ஒருத்தரும் மனசு விட்டுப் பேச மாட்டேங்கிறாங்க."

அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. அவரைக் கரைக்கு அழைத்துக்கொண்டு போய், தொலைவில் சுவர் மாதிரி நின்ற நீரைக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னாள். "நீங்க வேத்தாளா இருக்கிற வரைக்கும் அது அங்கயே நிக்கும். எங்களுக்கு உங்க மேல கோவம் இல்லைங்க. உங்களைத்தான் நாங்க நம்பியிருக்கோம்."

ஆதிகேசவன் குனிந்து காலணியில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டார். "பரவாயில்லம்மா," என்றார். "எனக்கு அது பழக்கம்தான்." மறுநாளிலிருந்து கோட்டுப் பொத்தானை இன்னும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டார்.

ஆனால் மனிதன் காய்ச்சலில் விழுவதைக் கட்டளை தடுக்க முடியாது. மழைக்காலத்தில் அவர் படுத்துவிட்டார். பவுல் முனியாண்டியின் தங்கை அருளாயி தெருவில் ரொட்டி சுடுகிறவள், செத்துப்போன அவள் கணவனின் கல்லறையையும் கடல் கொண்டுபோயிருந்தது. தூதரகத்துக்குத் தினமும் ரொட்டியை வாசலில் வைத்துவிட்டுப் போகிற அவள், முந்தின நாள் ரொட்டி அப்படியே இருந்ததைப் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கஞ்சி வைத்தாள், ஈரத்துணி போட்டாள். ஜுரம் ஏறிய மனிதர் எப்போதோ செத்துப்போன தம்பியின் பெயரைச் சொல்லிப் புலம்பியபோது, "சும்மா கிட, நான் இருக்கேன்," என்றாள். காய்ச்சல் இறங்கின பிறகு அவர் தானாகவே அவள் அடுப்படிக்குப் போனார். மணையில் உட்கார்ந்து, அலுமினியத் தட்டில் சேம்புக் குழம்பு சாப்பிட்டு, உப்பு குறைச்சல் என்று சொன்னார். அவள், உனக்கு நாக்கு செத்துக் கிடக்கு என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

மறுநாள் காலையில் கடல் முதல் தென்னை வரிசைக்கு வந்திருந்தது.

யாரும் கத்தவில்லை. லூர்தாயி அருளாயியின் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றாள். "நீ கொஞ்ச நாளைக்குக் கிழக்குத் திட்டுக்குப் போய் இருந்துக்க அருளாயி," என்றாள். கிழக்குத் திட்டு என்பது மீன் உலர்த்துகிற மணல்மேடு.

"போறேன்க்கா. போனா மட்டும் அவரு மறுபடியும் வெளியாளா ஆயிடுவாரா?"

"தெரியலடி."

அவள் போனாள். ஆதிகேசவனும் தன்னால் ஆனதைச் செய்தார். கோட்டைப் போட்டுக்கொண்டார், முகத்தை இறுக்கிக்கொண்டார், எதிரே வந்தவர்களுக்குத் தலையை மட்டும் அசைத்தார். ஆனால் அதற்குள் எந்த வீட்டு ஆள் எப்படி இருமுவார் என்று அவருக்குத் தெரிந்துபோயிருந்தது, முனியாண்டியின் முழங்கால் வலி எந்தக் காற்றுக்கு வரும் என்று தெரிந்துபோயிருந்தது, சாயங்காலமானால் கிழக்குத் திட்டில் புகை எழுகிறதா என்று கண் தானாகப் போயிற்று. கடல் ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டு வாசலைக் கடந்தது.

அவர் தலைநகரத்துக்குத் தொலைபேசியில் பேசினார்.

"சார், எனக்குப் பதிலா வேற யாரையாவது அனுப்புங்க. தமிழ் தெரியாதவரா இருந்தா நல்லது. யாரோடயும் ஒட்டாத ஆளா இருக்கணும்."

"ஏன், என்ன ஆச்சு?"

"தண்ணி வருது சார்."

"தண்ணி பிரச்சினையே இல்லைன்னு நீங்கதானே சொல்லிக்கிட்டிருந்தீங்க?"

"நான் வெளியாளா இருந்த வரைக்கும் வரலை."

அந்தப் பக்கம் யாரிடமோ ஏதோ கிசுகிசுத்தார்கள். பிறகு, "உடம்பு சரியில்லையா ஆதிகேசவன்?" என்று அன்பாகவே கேட்டார்கள். ஒரு குழுவை அனுப்பி நேரில் பார்க்கச் சொல்வதாகவும் சொன்னார்கள்.

குழு வந்தது. தலைமை தாங்கி வந்த அம்மாள் நல்லவள், கேட்பதைப் பொறுமையாகக் கேட்கிறவள், தரையில் மண்டியிட்டு மண்ணைக் கையில் எடுத்துப் பார்க்கிறவள். அவள் எடுத்த மண் காய்ந்திருந்தது. கடல், கப்பலைக் கண்டதும், இதுவரை போகாத தூரத்துக்குப் போய் நின்றிருந்தது. ஆதிகேசவன் சுவர்களில் உப்புப் படிந்திருந்த இடத்தைக் காட்டப் போனார். சுவரில் உப்பு இல்லை.

பாராளுமன்றத்தில், அதாவது பள்ளிக்கூட மாடியில், அந்த அம்மாள் முடிவைச் சொன்னாள். இரு நாட்டு உறவு இப்போது அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது, இவ்வளவு நெருக்கமான நண்பர்களுக்கு நடுவில் தனியாக ஒரு தூதரகம் வைத்துக்கொள்வது தேவையில்லாத வெறும் சம்பிரதாயம்தான், இனிமேல் பக்கத்துப் பெரிய தீவிலிருந்தே கொர்தாலியையும் கவனித்துக்கொள்வார்கள். அதற்கான ஒப்பந்தத்தையும் கையோடு கொண்டுவந்திருந்தாள்.

லூர்தாயி பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, "சாப்பிட்டுட்டுக் கையெழுத்து போடலாமே," என்றாள்.

அதிலிருந்து ஊர் அவர்களைப் போகவிடாமல் உபசரிக்க ஆரம்பித்தது. சாப்பாடு வந்தது, சாப்பாட்டுக்குப் பின் பாயசம் வந்தது, பாயசத்துக்குப் பின் மாதா கோயிலில் விசேஷப் பூசை என்றார்கள், அது முடிந்ததும் மாரியம்மனுக்கும் உண்டு என்றார்கள். பாடத் தெரிந்தவர்கள் பாடினார்கள், தெரியாதவர்களும் பாடினார்கள். இதுவரை இல்லாத ஒரு பண்டிகையை அங்கேயே நின்று உண்டாக்கினார்கள், அது மறுநாளும் நடக்கும் என்றார்கள், மறுநாள் அதற்கு நிறைவு விழா வேண்டும் என்றார்கள். ஊரில் பாதிப் பேர் மேடைக்கு முன்னால் கைதட்டிக்கொண்டிருக்க, மீதிப் பேர் பின்பக்கமாகப் பெட்டிகளையும் ஆடுகளையும் படுத்த படுக்கையாகக் கிடந்த கிழவர்களையும் கோயில் கூரைக்கும் படகுகளுக்கும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வாழ்நாளில் இப்படி ஒரு விருந்தோம்பலைக் கண்டதில்லை என்று அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இன்னும் ஒரே ஒரு நாள் இருங்களேன்," என்றாள் லூர்தாயி.

"எனக்கும் ஆசைதான். அடுத்த நாடு காத்துக்கிட்டிருக்கு."

லூர்தாயி கையெழுத்து போட்டாள்.

கப்பல் கிளம்பும் முன் அவள் ஆதிகேசவனைத் தனியாக அழைத்தாள். அவர், நான் போகப்போவதில்லை, வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தார். அவள் கையை உயர்த்தித் தடுத்தாள். "நீங்க இருந்து எங்களோட மூழ்குறதுல யாருக்கு என்ன லாபம்? போங்க. போயி எங்களை மறந்துடுங்க. எங்க பேரு, எங்க முகம், ஒண்ணும் ஞாபகம் இல்லாம ஆகுங்க. அதுக்கப்புறம் வெளியாளாத் திரும்பி வாங்க. அப்ப அது விலகும்."

"அருளாயிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு..."

"அவகிட்டப் பேசினா உங்களால மறக்க முடியாது."

அவர் கப்பலேறினார். கிழக்குத் திட்டைக் கடக்கும்போது, மணல்மேட்டில் ஒருத்தி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மீன் கூடையைப் படகில் ஏற்றுவது தெரிந்தது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் மறப்பதற்கான முதல் வேலையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கடல் அன்று மாலைக்குள் பள்ளிக்கூட மாடிக்கு வந்தது. கூரையில் இருந்தவர்களைப் படகுகள் ஏற்றிக்கொண்டன, சிலரை ஏற்ற முடியவில்லை. முனியாண்டி எல்லோருக்கும் குழி வெட்டியவன், அவனுக்குக் குழி கிடைக்கவில்லை. அருளாயி எங்கோ ஒரு குளிர்நாட்டு மீன் தொழிற்சாலைக்குப் போய்விட்டாள் என்று கேள்வி. மற்றவர்களும் கிடைத்த கரைகளில் ஒதுங்கினார்கள்.

ஆனால் கொர்தாலி என்ற நாடு உலக சபையில் இருந்தது. அதற்கு ஒரு கொடியும் ஒரு ஓட்டும் இருந்தன. ஓட்டு போட ஒரு மந்திரி வேண்டும் என்பதால் பெரிய நாடு லூர்தாயிக்குத் தன் தலைநகரத்தில் ஒரு அறை கொடுத்து வைத்திருந்தது. அவர்கள் சொன்னபோதெல்லாம் அவள் கை தூக்கினாள். எதற்கு என்று கேட்பதை விட்டுவிட்டாள். அதே நகரத்தில் ஆதிகேசவன் மறந்துகொண்டிருந்தார். கடற்கரைப் பக்கம் போகவில்லை, சேம்பு சாப்பிடவில்லை, தமிழில் பேசுவதைக் குறைத்தார். வருஷங்கள் போகப் போக ஊரின் பெயர்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. ஒருநாள் அருளாயியின் முகத்தை நினைக்க முயன்று அது வராமல் போனபோது, அலுவலகத்துக் கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, இனிமேல் போகலாம் என்று நினைத்தார்.

நட்பு ஒப்பந்தத்தின் ஆண்டு விழாவைக் கொர்தாலி மண்ணிலேயே நடத்துவது என்று முடிவானபோது அவரும் குழுவில் பெயர் கொடுத்தார். நீலத்தைத் தவிர எதுவும் இல்லாத இடத்தில் கப்பல் நங்கூரம் போட்டது. விருந்தாளிகளைக் கண்டு கடல் விலகியது. முதலில் சிலுவை வெளிவந்தது, பிறகு கோபுரக் கலசம், பள்ளிக்கூட மாடி, கடைசியில் பாசி படர்ந்த தெரு. ஊழியர்கள் கொடிகளையும் நாற்காலிகளையும் இறக்கினார்கள். அதே அம்மாள்தான் தலைமை, தலை நரைத்திருந்தது. அவள் இறங்கி நடந்தாள், காலடியில் மண் காய்ந்தது.

லூர்தாயி இறங்கினாள். அவள் பாதத்தைச் சுற்றி மட்டும் கணுக்கால் அளவு தண்ணீர் வந்து நின்றது. அவள் நடந்தால் கூடவே நடந்தது. நாட்டை எடுத்துக்கொண்ட பிறகு, கடல் அதன் ஜனங்களுக்குத் தரையைத் திருப்பித் தருவதாக இல்லை. அவள் அதைப் பெரிதுபடுத்தாமல் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஆதிகேசவனின் காலை எதிர்பார்த்து நின்றாள்.

அவர் இறங்கினார். ஒரு கணம் தரை காய்ந்துதான் இருந்தது. பிறகு இடுக்குகளிலிருந்தெல்லாம் நீர் கசிந்து, ஓடி வந்து, அவர் காலணிக்குள் நிறைந்தது.

"மறக்கச் சொன்னேனே உன்னை," என்றாள் லூர்தாயி.

"மறந்துட்டேன்க்கா. சத்தியமா ஒரு முகம்கூட ஞாபகம் இல்ல."

அவர் நடந்தார். கால்கள் தாமாகவே ஒரு வாசலுக்குப் போய், உடைந்த ரொட்டி அடுப்புக்கு எதிரே நின்றன. அங்கே யார் இருந்தார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை, ஆனால் அங்கிருந்து நகர முடியவில்லை. தண்ணீர் அவர் காலைச் சுற்றிச் சிறு அலையாக அடித்துக்கொண்டிருந்தது.

விழா முடிந்து போட்டோ எடுக்க எல்லோரையும் வரிசையில் நிறுத்தினார்கள். தலைவி அம்மாள் குனிந்து பார்த்துவிட்டு, "இவங்க ரெண்டு பேர் காலு மட்டும் ஏன் நனைஞ்சிருக்கு?" என்று கேட்டாள்.

"நாங்க இந்த ஊர்க்காரங்க," என்றாள் லூர்தாயி. "எங்க ஆளுகளுக்கு அப்படித்தான்."

அம்மாள் கனிவாகத் தலையாட்டினாள். கால் தெரியாதபடி இடுப்புக்கு மேலே எடுத்தால் போதும் என்று போட்டோக்காரரிடம் சொல்லிவிட்டு, அடுத்த நாட்டுக்கு எப்போது போய்ச் சேருவோம் என்று மாலுமியை விசாரித்தாள்.